பதினாலு பேர்

“உக்காருங்க அம்மிணி, அம்மா பூசையில இருக்கறாங்க, முடிஞ்சதும் கூப்புடறேன்” என்று மேனேஜர் சென்னியப்பன் சொல்லிவிட்டு உள்ளே போன நிமிஷத்திலிருந்து, மடியிலிருந்த பழுப்புக் கவரின் மேல் வைத்த கையைக் கோகிலவாணி எடுக்கவில்லை. எடுத்தால் கவர் தானாகத் திறந்துகொண்டு, உள்ளே இருக்கும் பதினாலு ஆண்களும் இறங்கி இந்தப் பளிங்குத் தரையில் வரிசையாக நின்று, ‘இந்தப் பொம்பளையை நாங்கள் பார்த்ததே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள் போலிருந்தது. மணி பத்தேகால். பல்லடத்திலிருந்து வந்த பஸ்ஸின் ஆட்டம் இன்னும் முழங்காலில் மிச்சமிருந்தது. கோயமுத்தூரில் இப்படி ஒரு வீடு, மெயின் ரோட்டுச் சத்தம் ஒன்றுகூட உள்ளே வராமல், கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டு. பழக்க தோஷம், கண் சுவரைத்தான் முதலில் படித்தது. வேறு யாராவது இருந்தால் சோபாவைப் பார்ப்பார்கள், சரவிளக்கைப் பார்ப்பார்கள். கோகிலவாணிக்கு மாலை போட்ட படங்கள்தான் முக்கியம். யார் செத்தார், எப்போது செத்தார், அவர் பேரில் வீட்டில் யாருக்கு உருக்கம் என்று தெரிந்துகொண்டால் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும். நடுச் சுவரில் மாலையோடு ஒரு பெரியவர், கணவராக இருக்கும். பக்கத்து அலமாரியில் மாலை இல்லாமல் ஒரு வாலிபன், மெல்லிய மீசை, கல்லூரிக் காலத்துப் படம். மகன், வெளிநாட்டில் இருப்பான், என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். குறித்த கையோடு தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. இழவு வீட்டில்கூட இவள் இலை எண்ணுவாள் என்று ஹெப்சிபா சிஸ்டர் ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னது சிரிப்பில்லை.

பதினொரு வருஷமாக இதுதான் வேலை. ‘தங்கல்’ என்கிற அந்த இல்லத்தில் முப்பத்திரண்டு பெண்கள், எல்லாரும் புத்தி பிசகித் தெருவில் கிடந்தவர்கள், பெயர் தெரியாதவர்கள், ஊர் தெரியாதவர்கள். ஓய்வு பெற்ற நர்ஸான ஹெப்சிபா சிஸ்டர் அவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, தலைவாரி விடுகிறார். கோகிலவாணி அதற்குப் பணம் தரக்கூடிய அறக்கட்டளைகளைத் தேடிப் பிடிக்கிறாள். லெட்டர் பேடில் நிதி ஒருங்கிணைப்பாளர், வாய்ப்பேச்சில் கேட்டு வாங்குற பொம்பளை. கொடுக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் பட்டியல் போட்டு வைத்திருக்கவில்லை. தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதற்கு முன்னால் டியூப்லைட்டைப் படிப்பாள். உபயம் இன்னார், இன்னார் மில்ஸ், அவர் மனைவி, மக்கள், பேரன் பேத்தி என்று வெளிச்சம் வர இடமில்லாமல் எழுதியிருப்பார்கள், அதில் எந்தப் பேர் இரண்டு கோயிலில் வருகிறதோ அது நோட்டில் ஏறும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு, சுடுகாட்டுக் கொட்டகை, எதையும் விட்டதில்லை. காலையில் பேப்பர் வந்தால் கண்ணீர் அஞ்சலிப் பக்கம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று கால் பக்கத்துக்கு விளம்பரம் போடுகிற குடும்பம் இரண்டாம் ஆண்டில் ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கும், இது அவள் அனுபவத்தில் கண்ட சாஸ்திரம். மற்ற இல்லங்களின் ஆண்டறிக்கை கிடைத்தால் நேராகக் கடைசிப் பக்கம், நன்றி சொல்லியிருக்கிற பக்கம். யார் யாருக்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு டிரஸ்டுக்கும் ஒரு பக்கம், கோடு போட்ட நீள நோட்டு, இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது. ஒருத்தர் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்? இவளுக்கு மனுஷர்களே தெரியவில்லை, மடி கனம் மட்டும்தான் தெரிகிறது என்று நினைப்பார். நினைக்கட்டும். மாத்திரை மரத்திலா காய்க்கிறது?

ஆனால் டிரஸ்டுகளின் நிபந்தனைக்கு ஏற்றபடி உண்மையை வளைப்பது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் அது ஒரு முட்டையில் போய் நிற்கிறது. சைவ இல்லங்களுக்கு மட்டும் என்று ஒரு டிரஸ்ட். அதன் ஆட்கள் பார்க்க வருகிற நாளில் முப்பது முட்டையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே போர்வையைத் தொங்கவிட்டாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, சமையல்காரியும் அவளும் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. பிறகு முதியோருக்கு மட்டும் என்று ஒரு டிரஸ்ட், நாற்பத்தைந்து வயதுக்காரிகளுக்கு அறுபது போட்டாள். வயதே தெரியாதவர்கள்தானே, யார் கண்டது, அறுபதாகவே இருக்கலாம். சுற்றுச்சூழல் என்றார்கள், வேப்பங்கன்று நட்டுப் படம் எடுத்தாள். கன்றை ஆடு தின்றுவிட்டது, படம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஏதோ ஒன்று முள் போலக் குத்தும், காசோலை வந்ததும் முள் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அவளுக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடத்துப் பியூனாக இருந்த அப்பா அவளை ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனார், சீருடைத் துணி கேட்க. கிளம்பும்போது அம்மா எடுத்து வைத்த நல்ல பாவாடையை வேண்டாம் என்று திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, இடுப்பில் கிழிந்ததைக் கட்டிவிட்டார். கிழிசலைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். அப்பா மெதுவாக, முதலாளி பார்க்காதபோது, அந்தக் கையை எடுத்துவிட்டார். துணி கிடைத்தது. நல்ல துணிதான், மூன்று வருஷம் உழைத்தது. அப்பாவை அதற்காக அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று நினைத்த காலத்தில் அவர் இல்லை. இப்போது முப்பத்திரண்டு பேருடைய கையை அவள் எடுத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு மூடிக்கொள்ளவும் தெரியாது, அதுதான் வசதி. சீ, என்ன நினைப்பு இது.

இந்த நல்லசாமி அறக்கட்டளையைக் கண்டுபிடித்தபோது எவ்வளவு சந்தோஷம். வேறு ஏதோ ஒரு இல்லத்தின் நன்றிப் பக்கத்தில் முதலில் பார்த்தாள், பிறகு இன்னொன்றில், துருவித் துருவி ஆறு இடம் பிடித்தாள். தஞ்சாவூர், நெல்லூர், ஷிமோகா, நாகர்கோவில், வேலூர், பாலக்காடு. ஆறும் தெருவில் திரிகிற மனநோயாளிகளுக்கான இல்லம், ஆறும் ஆண்களுக்கு மட்டும். நோட்டில் எழுதினாள்: துறை, மனநலம். ஆண்கள் மட்டும். வட்டார வரம்பு இல்லை. கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு போட்டாள், அவ்வளவு பெருமை. அதற்கு முந்தின வாரம்தான் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து சிமெண்ட் ஷீட் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மழைக்காலத்துக்குள் கான்கிரீட் போடாவிட்டால் லைசென்ஸ் கிடையாது, பெண்களை நாலைந்து இடத்துக்குப் பிரித்து அனுப்புவோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரித்து அனுப்புவதாம். மல்லிகா என்று இவர்கள் பேர் வைத்த ஒரிசாக்காரி ஒருத்தி, பாப்பாத்தி என்று பேர் வைத்த இன்னொருத்தி. அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, காலையிலிருந்து இருட்டும்வரை இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொள்வார்கள், கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். அந்தக் கையை எந்த அதிகாரி வந்து பிரிப்பான்? அந்தச் சூட்டில்தான் விண்ணப்பம் எழுதினாள். ‘தங்கல்’ இப்போது ஆண்கள் பிரிவும் நடத்துகிறது, அதற்குக் கட்டிடம் வேண்டும். கட்டி முடித்தபின் யார் எந்தப் பக்கம் படுத்தால் யாருக்கு என்ன? தற்போது உள்ள ஆண்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. சைபர் போட முடியாது. புது அறையில் பதினாலு கட்டில் கொள்ளும் என்று எஞ்சினியர் சொன்னது ஞாபகம் வந்தது, பதினாலு என்று போட்டாள். இனிமேல் வரப்போகிறவர்களை முன்னாலேயே எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், ‘நீ படிச்சுட்டேல்ல, போதும்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்ட இடத்தில் பேனா கொஞ்சம் கசிந்தது.

பதில் இருபதே நாளில் வந்தது. நேரில் வரவும், பதினாலு பேருடைய முகம் தெளிவாகத் தெரிகிற போட்டோவும், பெயர், வயது, எங்கே எப்போது கிடைத்தார் என்ற விவரமும் கொண்டு வரவும். கறாரான ஆட்கள், சரிபார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். நத்தம் பக்கம் ஆண்கள் இல்லம் நடத்துகிற பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். நல்ல பிள்ளை, ‘எதுக்குக்கா’ என்று ஒரே ஒருதரம் கேட்டான். ஒரு ரிப்போர்ட்டுக்கு என்றாள், முகம் தெளிவாக இருந்தால் போதும் தம்பி என்றாள். சாயங்காலத்துக்குள் பதினாலு படம் போனில் வந்துவிட்டது. ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, அல்ல, இப்போது யார் கழுவுகிறார்கள், அச்சுப் போட்டு வாங்கினாள். பின்பக்கம் விவரம் எழுதியது இன்றைக்குக் காலை, பஸ்ஸில், பேனா குதிக்கக் குதிக்க. பேருக்கு என்ன செய்வது? எட்டாம் வகுப்பில் கூடப் படித்த பையன்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். வரதராஜ், குழந்தைவேல், எப்போதும் மூக்கொழுகும் அப்துல் கபூர், கணக்குப் பாடத்தில் இவளுக்கு விடை காட்டிய ஜெயசீலன். பழனி பஸ் நிலையம், கரூர் ரயிலடி, காங்கயம் சந்தை. எழுத எழுத, அதில் ஒரு சாமர்த்தியம்கூடத் தெரிந்தது, ஒருவனுக்குக் ‘காலில் புண்ணோடு’ என்று சேர்த்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, ‘எல்லாம் உங்க சொந்தக்காரங்களா’ என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னாளா, இல்லை என்று சொன்னாளா? ஏதோ சொன்னாள். பொய் சொல்லி வாய் பழகிவிட்டால் எதைச் சொன்னோம் என்றுகூட ஞாபகம் இருப்பதில்லை.

சென்னியப்பன் மோர் டம்ளரோடு வந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க. போட்டோவெல்லாம் கொண்டாந்துட்டீங்கல்லங்க? மூஞ்சி தெளிவா இருக்கோணும். அம்மாளுக்கு அதொண்ணுதான். மத்த காயிதமெல்லாம் நான் பாத்துக்குவேன்.”

“பதினாலும் இருக்குதுங்க.”

“பதினாலுன்னா இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும். போன தடவ திருவண்ணாமலைப் பக்கமிருந்து அறுபது போட்டோ கொண்டாந்தாங்க. அம்மா நாள் முச்சூடும் பாத்தாங்க, சோறு திங்கல.”

“அப்படி என்னத்தைங்க பாக்கறாங்க?”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்.” தலையைத் திருப்பாமல் கையை மட்டும் அலமாரிப் பக்கம் காட்டினார். “சின்னவருங்க. நந்தகுமார். ஒத்தைக்கு ஒரு பையன். காலேஜு முடிக்கற வருசம் தலை கொழம்பிப் போச்சு. வைத்தியமெல்லாம் பாத்தாங்க. ஒரு நாள் விடியால, செருப்புக்கூடப் போடாம நடந்து போனவருதானுங்க. பத்தொம்பது வருசமாச்சு. போலீசு, பேப்பரு, சோசியம், ஒண்ணும் பாக்கியில்ல. அய்யா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தாரு. அம்மாதான் அப்பறம் ஊர் ஊரா இல்லத்து வாசல்ல போயி நின்னாங்க. சும்மா போனா உள்ள விட மாட்டேங்கறாங்க, நாம பணம் குடுத்தாக் கதவத் தொறந்து ஒவ்வொருத்தனையாக் காட்டறாங்கன்னு சொல்லி, டிரஸ்ட்ட இந்தப் பக்கம் திருப்புனாங்க.”

“அப்படீங்களா” என்றாள் கோகிலவாணி.

“பூசை முடியற நேரம்தானுங்க” என்று அவர் எழுந்து போனார்.

மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வாய் குடித்தாள். வட்டார வரம்பு இல்லை. அடிக்கோடு. அந்தக் கோடு இப்போது கண்ணுக்குள் நீலமாக ஓடியது. தஞ்சாவூர், நெல்லூர், ஷிமோகா. ஒரு தாய் பஸ் ஏறி, ரயில் ஏறி, பாஷை தெரியாத ஊர்களில் இறங்கி ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றிருக்கிறார். இவள் அதைத் துறை என்று எழுதினாள். ஆண்கள் மட்டும் என்று எழுதினாள். பதினொரு வருஷமாக எல்லா டிரஸ்டையும் ஆராய்ந்தவளுக்கு ஆறு ஊர் பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையே. மாலை போடாத படம். வெளிநாட்டில் இருப்பானாம், ஆராய்ச்சிக்காரி, பெரிய ஆராய்ச்சிக்காரி. எழுந்து போய்விடலாமா? வாசலில் செருப்பு இருக்கிறது, கேட் திறந்துதான் இருந்தது, பஸ் ஸ்டாப் பத்து நிமிஷ நடை. வயிற்று வலி என்று சொல்லலாம். போட்டோவை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, பதினாலும் இருக்குது என்று இப்போதுதான் வாயால் சொன்னாள். சாமர்த்தியமாக இன்னொரு பக்கம் மனசு ஓடியது. போட்டோவைத்தானே பார்க்கப் போகிறார், அறுபதில் இல்லாதவன் பதினாலிலா இருக்கப்போகிறான், பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார், கொடுப்பதைக் கொடுத்துவிடுவார், கூரை ஏறிவிடும், மல்லிகாவும் பாப்பாத்தியும் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். அவன் இல்லாமல் இருக்க வேண்டும். கடவுளே, இதில் அவன் இருக்கக் கூடாது. இந்த வேண்டுதலை நினைத்து முடித்த பிறகுதான், ஒரு தாயின் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவர் மோரைக் குடித்துக்கொண்டு, அவர் பிள்ளை கிடைக்கக் கூடாது என்று தான் வேண்டிக்கொண்டது அவளுக்கு உறைத்தது. முகம் காதுவரை எரிந்தது. யாரும் பார்க்கவில்லை. கடிகாரம்தான் இருந்தது. அது போதாதா? அவள் அந்தப் படங்களில் ஒன்றையாவது ஒழுங்காகப் பார்த்தாளா? தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாள். வெளிச்சம் போதுமா என்று பார்த்தாள். பெலிக்ஸிடம் இவர்கள் யார், எப்போது வந்தார்கள், சாப்பிடுகிறார்களா, எதுவும் கேட்கவில்லை. வரதராஜ் என்று எழுதினாளே, அவன் வாய் திறந்து தன் பேரை ஒருநாள் சொல்லியிருக்கலாம், பெலிக்ஸின் ரெஜிஸ்தரில் அது இருக்கலாம். நிஜப் பேருக்கு மேல் இவள் எட்டாம் வகுப்புப் பையனை ஒட்டியிருக்கலாம். காலில் புண். ஏன் காலில் புண் போட்டாள்? உருக்கமாக இருக்கும் என்றுதான். கிழிந்த பாவாடை.

சூடம் வாசனை முதலில் வந்தது, பின்னால் நந்தகுமாரின் தாய் நாகரத்தினம்மாள் வந்தார். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பார் என்று கோகிலவாணி எதிர்பார்க்கவில்லை. எழுபது தாண்டியிருக்கும், நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“உக்காரு கண்ணு. சாப்ட்டியா?”

“சாப்ட்டேங்கம்மா.”

“எங்க, கொண்டா.”

ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கவரை அவரே பிரித்தார். பின்பக்கத்து எழுத்தை அவர் படிக்கவே இல்லை. ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்துக்குச் சாய்த்து, நெற்றி, காது, தாடை என்று விரலால் போய், தாடியைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்து, இடது பக்கம் வைத்தார். ஒன்று. இரண்டு. அவசரமும் இல்லை, பெருமூச்சும் இல்லை, அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு இருக்கிற நிதானம். சென்னியப்பன் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டுப் படம் இடது பக்கம் போனது. ஒன்பதாவது போகவில்லை. விரல் புருவத்தில் நின்றது. இரண்டு புருவமும் நடுவில் கூடியிருந்தது, அதை இப்போதுதான் கோகிலவாணி கவனித்தாள். அம்மாள் படத்தைக் கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

“இவன் எடது கைப் பழக்கமா?”

ஆமாங்க என்றால் அவ்வளவுதான், கட்டிடம் எழுந்துவிடும். இல்லைங்க என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, பத்தாவது படத்துக்குப் போய்விடுவார். இரண்டு பதிலும் நாக்கில் தயாராக நின்றன, பதினொரு வருஷத்துப் பழக்கம். அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்திருந்தால் இவள் பொய் சொல்லியிருப்பாள். இவளுக்குத் தெரியும் என்று நம்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுங்கம்மா” என்றாள். “இவரை நான் பாத்ததில்லைங்க. இதுல யாரையுமே பாத்ததில்ல. எங்க இல்லத்துல ஆம்பளைங்களே கிடையாது, முப்பத்திரண்டும் பொம்பளைங்கதான். நீங்க ஆம்பளைங்களுக்குத்தான் குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு பொய் எழுதிட்டேன். போட்டோ வேற இல்லத்துல இருந்து வாங்கினது. பேரு, ஊரு எல்லாம் இன்னைக்கு பஸ்ஸுல வரும்போது நானா எழுதினதுங்க.”

“அடப் பாவத்தே” என்று சென்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். அம்மாள் திரும்பாமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“பொய்யின்னா பொய்யிதான். அத நீயும் சென்னியப்பனும் பொறவு பேசிக்குங்க. இவன் எங்க இருக்கறான்? அதச் சொல்லு.”

திட்டியிருக்கலாம். வெளியே போ என்று சொல்லியிருக்கலாம், அதற்கு அவள் தயாராக இருந்தாள், அது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவளுடைய பொய்க்கு அந்த மேஜையில் இடமே இல்லை. அவள் கூனிக் குறுகிக்கொண்டிருப்பதைப் பார்க்க அம்மாளுக்கு நேரமில்லை. போனை எடுத்து பெலிக்ஸைக் கூப்பிட்டு, அம்மாளுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

“தம்பி, நீ அனுப்பின போட்டோல ஒன்பதாவது. வெள்ளைச் சட்டை, புருவம் கூடியிருக்கும். அவரு இப்ப அங்க இருக்காரா?”

“ஏன்க்கா, ரிப்போர்ட் அனுப்பியாச்சா?”

“இருக்காரா சொல்லு தம்பி.”

“முகம் தெளிவா இருந்தாப் போதும்னீங்களேக்கா, அதான் பழைய ஃபைல்ல இருந்தும் பொறுக்கி எடுத்தேன். இருங்க, பாத்துச் சொல்றேன்.” ரெஜிஸ்தர் புரட்டுகிற சத்தம் கேட்டது. அம்மாளின் இரண்டு கையும் படத்தின் இரண்டு ஓரத்தில் இருந்தன. அந்த நேரத்தில், அந்தத் தாள் புரள்கிற நேரத்தில், கோகிலவாணிக்குக் கூரை ஞாபகம் வந்தது. இவனாக இருந்தால் சந்தோஷத்தில் அம்மாள் எதையும் கொடுப்பார் என்று ஒரு நினைப்பு, கூப்பிடாமல், நாய்க்குட்டி மாதிரி உள்ளே நுழைந்தது. அதை விரட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இவ்வளவுதான் நான், என்று நினைத்தாள்.

“அக்கா” என்றான் பெலிக்ஸ். “அவரு தவறிட்டாருக்கா. போன தை மாசம், நெஞ்சுச் சளி. நாங்கதான் அடக்கம் பண்ணினோம்.”

கோகிலவாணி அம்மாளைப் பார்க்கவில்லை. மேஜையின் ஓரத்தைப் பார்த்தாள். “அவரு எடது கைப் பழக்கமா, தம்பி?”

“கவனிக்கலியேக்கா. கை நடுங்கும் அவருக்கு, சோறெல்லாம் நாங்கதான் ஊட்டுவோம். பேசவும் மாட்டாரு. யாரோட ஆளுக்கா? தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

சென்னியப்பன் வேட்டி நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மாள் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். கட்டை விரல் அந்தக் கூடிய புருவத்தை ஒருதரம் வலமிருந்து இடமாகத் தடவியது. பிறகு படத்தை எட்டுப் படங்களுக்கு மேல், மற்றதோடு ஒன்றாக, ஓரம் பிசகாமல் வைத்தார்.

“அப்ப அது அவன் இல்ல” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “மிச்சம் அஞ்சு இருக்குது. அந்தத் தம்பிய லைன்லயே இருக்கச் சொல்லு.”

“வெச்சுடாத தம்பி” என்றாள் கோகிலவாணி. “இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க. ஒவ்வொருத்தரா நிஜப் பேரு சொல்லு.”